தொகுதி அலசல் எழுதுகிறவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் எங்கள் பத்திரிகையின் செய்தி டெஸ்க்குக்குத் தொகுதி அலசல்கள் வந்து குவியத் தொடங்கும். அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் தேர்தல். நடை எங்கள் காலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. தவறுகள் மட்டும் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள். வேட்பாளரின் தலைப்பெழுத்தை மாற்றிப் போடுவது, சின்னத்தைக் குழப்புவது, வாக்கு வித்தியாசத்தில் ஒரு பூஜ்யத்தை விழுங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு மறுநாள் திருத்தம் போட்டுவிடலாம். சாதி, பாலினம், வர்க்கம், இனம் பற்றி எழுதும்போது நடக்கிறவற்றுக்குத் திருத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை.

ஆதாரமில்லாத அந்தச் சதவீதம்

"இத்தொகுதியில் இன்ன சமூகத்தினர் 35 சதவீதம், அடுத்த நிலையில் இன்னார் 22 சதவீதம்." இந்தப் பத்தி இல்லாமல் தொகுதி அலசல் வருவது அபூர்வம். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இந்தியாவில் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1931-இல் நடந்தது. 1951 முதல் 2011 வரை நடந்தவற்றில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டுமே சாதிவாரியாக எண்ணப்பட்டார்கள். 2011-இல் தொடங்கிய சமூக, பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதி எண்ணிக்கை வெளிவரவே இல்லை. 1980-களில் பிற்படுத்தப்பட்டோருக்கான அம்பாசங்கர் ஆணையம் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கு இட ஒதுக்கீட்டுக்காக எடுக்கப்பட்டது. தொகுதிக்கு அதிலிருந்து எதையும் பிய்த்தெடுக்க முடியாது. அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று ஒன்றிய அரசு அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். வாக்காளர் பட்டியலில் சாதி என்ற கட்டம் கிடையாது. இன்றைய தொகுதி எல்லைகளோ 2008 மறுவரையறையில் வந்தவை. பிறகு அந்த 35 எங்கிருந்து வந்தது?

டெல்டா பகுதித் தொகுதி ஒன்றின் அலசல் ஒருமுறை என் மேசைக்கு வந்தது. பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நான்கு சமூகங்களும் "இதரரும்" சேர்ந்து 118 சதவீதம். நிருபரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"சார், 35 ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் சொன்னது. 40 எதிர்க்கட்சிக்காரர் சொன்னது. ரெண்டு பேருமே உள்ளூர்க்காரர்கள் சார்."

"அவரவர் சொன்னது அவரவர் சாதிக் கணக்குத்தானே?"

"ஆமாம் சார்."

"மிச்சம்?"

"அது போன தேர்தலில் நம் பத்திரிகையிலேயே வந்தது சார்."

இதுதான் நடக்கிறது. கட்சிக்காரர் தன் சாதியின் எண்ணிக்கையை ஊதிச் சொல்கிறார். நாம் அச்சடிக்கிறோம். அடுத்த தேர்தலில் சீட்டு கேட்டு நேர்காணலுக்குப் போகும்போது அவர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். "பத்திரிகையே எழுதியிருக்கிறதே" என்கிறார். சீட்டும் கிடைக்கிறது. "இதரர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாம் தள்ளிவிட்ட குயவர், வண்ணார், முடிதிருத்தும் மருத்துவர் போன்ற சமூகங்களில் ஒருவர் சீட்டு கேட்டுப் போனால் அவர் கையில் காட்டுவதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஒரு நிருபரின் சோம்பலுக்கு இவ்வளவு பெரிய விலை என்பதைத்தான் புதியவர்களுக்குச் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

எண் சரி என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பெரிய கூட்டணிகளும் ஒரே சமூகத்து வேட்பாளர்களை நிறுத்தும் தொகுதிகள் நம்மிடம் ஏராளம். அங்கே இந்தச் சதவீதம் எதை விளக்கும்? தனித் தொகுதி என்றால் இன்னும் மோசம். சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அந்த 44-இல் நம் நிருபர் நேராகக் காலனிக்குப் போய் "தலித் வாக்கு யாருக்கு" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார். வாக்காளர்களில் பெரும்பகுதியினர் ஊர்த்தெருவில் இருக்கிறார்கள். தங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஒரு தலித் என்பதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், அவரைத் திருவிழாவுக்கு அழைக்கிறார்களா, வீட்டுக்குள் உட்கார வைக்கிறார்களா என்று கேட்டு ஒரு கட்டுரை வந்தால் முதல் பக்கத்தில் போட நான் தயார்.

எண் வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பில் கிராமவாரியாகப் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகை இருக்கிறது. அதைச் சொல்லுங்கள், ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று அதில் இருக்கும்; தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். ஆனால் அதைக் கையில் எடுத்ததும் பலருக்கு வேகம் வந்துவிடுகிறது. "இன்ன காலனி மொத்தமாக இன்ன கட்சிக்கு" என்று பெயர் போட்டு எழுதி அனுப்புகிறார்கள். அதைப் படிக்கிற ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அது வெறும் செய்தி அல்ல. தண்ணீர்க் குழாயிலிருந்து வயல்கூலி வரை கணக்குத் தீர்க்க அவர்களுக்கு வழி தெரியும். இந்த அச்சத்தால்தான் பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ண வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே சாவடி எண்ணையும் தெருப் பெயரையும் உங்கள் குறிப்பேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தலைவரின் கைப்பேசியைக் கணவர் எடுத்தால்

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு 2016-இல் சட்டமானது. அதன்படி முதல் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அன்றிலிருந்து எனக்கு வரும் செய்திகளில் ஊராட்சித் தலைவிகள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். விசாரித்தால் கைப்பேசியை எடுத்தது கணவர், பதில் சொன்னது கணவர். "தலைவர் கூறினார்" என்று எழுதியது நம் ஆள். நேரில் போங்கள். அப்போதும் கணவரே முந்திக்கொண்டு பேசினால், அவர்தான் பேசினார் என்று எழுதுங்கள். அதுதான் செய்தி.

2021 சட்டமன்றத்துக்குத் தேர்வான பெண்கள் 234-இல் 12 பேர். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டியது சீட்டு பங்கிட்ட தலைவர்களிடம். நாமோ பெண் வேட்பாளரைப் பார்த்து, வீட்டையும் அரசியலையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கிறோம். அதே தேர்தலில் நாம் தமிழர் கட்சி 117 தொகுதிகளில் பெண்களை நிறுத்தியது. ஆதரவோ எதிர்ப்போ, அது மற்றக் கட்சிகளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குக் கிடைத்த நல்ல சாக்கு. பெரும்பாலும் பெட்டிச் செய்தியோடு முடிந்தது.

பெண் வேட்பாளரின் சேலை நிறம்

வேண்டாம்.

வாக்குச்சாவடி வாசலில் திருநங்கையர்

ஒவ்வொரு தேர்தலிலும் மை வைத்த விரலோடு ஒரு படம், கீழே ஒரு வரி. கோரிக்கை என்ன என்று கேட்டு வந்த நிருபர் இதுவரை எனக்கு வாய்க்கவில்லை.

பணம் வாங்கியவரின் முகம் மட்டும்

2016-இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர். பணப்பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவையே நிறுத்திய வரலாறு நம்முடையது. அந்தச் செய்திகளின் படங்களை எடுத்துப் பாருங்கள். நோட்டோடு நிற்பது குடிசை வாசலில் ஒரு பெண். கொடுத்தவர் "கட்சி நிர்வாகிகள்" என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்துகொள்கிறார். வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதால், அந்தப் படம் அவர் மேல் வழக்குப் போடவும் உதவும். முகத்தை மறையுங்கள். பணம் யாருடைய கிடங்கிலிருந்து, எந்த வண்டியில், யார் வைத்திருந்த பட்டியலின்படி வந்தது என்று தேடுங்கள்.

ஏழைகள்தான் ஜனநாயகத்தைக் கெடுக்கிறார்கள் என்று தலையங்கத் தொனியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் வாக்குப்பதிவு 81.20 சதவீதம், மத்திய சென்னையில் 53.96. மத்திய சென்னையில் எல்லோரும் வசதியானவர்கள் இல்லைதான். ஆனாலும் வாக்களிக்க வராத அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் மைக்கை நீட்டிய நிருபரை நான் பார்த்ததில்லை.

கமலா ஹாரிஸ் நம்மூர்ப் பெண்

2020-இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்கும் 2024-இல் அதிபர் பதவிக்கும் கமலா போட்டியிட்டபோது, திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்துக்குக் கேமராக்கள் படையெடுத்தன. தாத்தா பி.வி.கோபாலனின் ஊர், குலதெய்வக் கோயில், பூசை, பதாகை. தவறில்லை, உள்ளூர்ச் செய்திதான். ஆனால் தந்தை ஜமைக்காவிலிருந்து வந்தவர் என்பதும், கமலா கறுப்பினத்தவருக்காக உருவான ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதும், தன்னைக் கறுப்பினப் பெண் என்றே சொல்லிக்கொண்டவர் என்பதும் எத்தனை செய்திகளில் வந்தன? 2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, கமலா திடீரென்று கறுப்பினத்தவராக மாறிவிட்டார் என்று டிரம்ப் சொன்னார். அமெரிக்காவே கொதித்தது. பூசைச் செய்தியை மட்டும் படித்திருந்த நம் வாசகர்களில் பலருக்கு, டிரம்ப் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் தோன்றியிருக்கும்.