சிக்னல் இருக்கிறது, நெட் இல்லை: இணையம் வேலை செய்யும் விதத்தை உங்கள் போனிலேயே படிப்படியாகப் பாருங்கள்

போனின் மேல் மூலையில் கோடுகள் நிறைந்திருக்கும். வட்ஸ்அப்பில் மெசேஜ் போய் வரும். குரோமைத் திறந்தால் மட்டும் "இந்தத் தளத்தை அடைய முடியவில்லை" என்று நிற்கும். இப்படி வந்தால் தேயிலைத் தோட்டத்தில் பலரும் டேட்டா முடிந்துவிட்டது என்று நினைத்து முதலில் ரீலோட் போடுகிறார்கள். அதற்கும் சரிவராவிட்டால் போனை டவுனுக்குக் கொண்டுபோய், கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்து "செட்டிங்" போடச் சொல்கிறார்கள். கொழுந்தெடுத்து வாங்கும் நாள் சம்பளத்தில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

என் தங்கச்சி பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோது எங்கள் வீட்டிலும் இதே தொல்லை. அன்று தேடித்தேடித் தீர்த்த முறையைத்தான் எழுதுகிறேன். "நெட் இல்லை" என்பது ஒரு கோளாறின் பெயரே அல்ல. உங்கள் போனுக்கும் நீங்கள் பார்க்க நினைக்கும் தளத்துக்கும் நடுவில் பல கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டம் அறுந்தது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் கோளாறும் பிடிபடும், இணையம் எப்படி ஓடுகிறது என்பதும் விளங்கிவிடும்.

தேவையானது ஓர் ஆண்ட்ராய்டு போன், அதில் "நெட்வொர்க் அனலைசர்" என்ற இலவசச் செயலி. இதே வேலைக்கு வேறு செயலிகளும் உண்டு. இதில் பிங் (பதில் வருகிறதா என்று பார்ப்பது), டிரேஸ்ரூட் (போகும் வழியைப் பார்ப்பது), டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு எண்ணைத் தேடுவது) மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். "நெட் வேகத்தைக் கூட்டும்" என்று விளம்பரம் வரும் செயலிகளைத் தயவுசெய்து போடாதீர்கள். உங்கள் எல்லாப் போக்குவரத்தையும் தங்கள் வழியாகத் திருப்பிக்கொள்கிறவை அவற்றில் நிறைய.

படி 1: டவர் வரைக்கும் போகிறதா?

மேலே தெரியும் கோடுகள் சொல்வது ஒன்றைத்தான்: போனுக்கும் டவருக்கும் நடுவில் ரேடியோ தொடர்பு இருக்கிறது. அந்த டவருக்கு நெட் இருக்கிறதா என்பதை அவை சொல்லாது.

அடுத்த முறை டவரைக் கடக்கும்போது நின்று பாருங்கள். நீளவாக்கில் தொங்கும் பட்டைப் பெட்டிகள் நம் போன்களோடு பேசுகிறவை. வட்டமாக இருப்பவை அடுத்த மலையில் இருக்கும் இன்னொரு டவரோடு நுண்ணலையில் பேசுகிறவை. மலைநாட்டில் எல்லா டவருக்கும் ஃபைபர் (ஒளி வழியாகச் செய்தி கடத்தும் கேபிள்) வந்து சேர்வதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, ஃபைபர் இருக்கும் டவர் வரை போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒன்றுக்குக் கரண்ட் போய் பேட்டரியும் இறங்கிவிட்டால், நம் டவர் கோடுகளைக் காட்டிக்கொண்டே இருக்கும், நெட் மட்டும் வராது.

மூடுபனியால்தான் சிக்னல் வரவில்லை என்று பலர் சொல்கிறார்கள். போன் பயன்படுத்தும் அலைவரிசைகளைப் பனி ஒன்றும் செய்வதில்லை. மறிப்பது மலையும் தகரமும்தான். அடைமழை மட்டும் டவருக்கும் டவருக்கும் இடையிலான நுண்ணலையைக் கெடுக்கக்கூடும்.

கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டும் டிபிஎம் அளவு இருக்கும். 4ஜியில் மைனஸ் 90க்குக் கிட்ட இருந்தால் நல்லது. மைனஸ் 110ஐத் தாண்டிவிட்டால் கஷ்டம்தான். தகரக் கூரை போட்ட லயத்தில் காம்பராவின் நடுவில் ஓர் எண் வரும், வெளியே இஸ்தோப்பில் நின்றால் வேறு எண் வரும். சிம் போடும் ரவுட்டர் (வைஃபை தரும் பெட்டி) வைத்திருப்பவர்கள் அதை டவர் பக்கமுள்ள ஜன்னலில் வையுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள், வெளி ஆன்டெனா மாட்டத் துளை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊருக்கு வேறு எந்த வசதியையும்விட அதுதான் முக்கியம்.

படி 2: உங்களுக்கு முகவரி கிடைத்ததா?

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். செயலியின் முதல் பக்கத்திலேயே அது இருக்கும். வைஃபை என்றால் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். சிம் டேட்டா என்றால் 10 அல்லது 100 என்று தொடங்கலாம். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒன்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது புதிய வகை முகவரி.

பழைய வகையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகில் இருக்கும் கருவிகளுக்கு அது போதாது. அதனால் ஒரு வீட்டுக்கே, சில நேரம் ஓர் ஊருக்கே, வெளியில் ஒரு பொது முகவரியைக் கொடுத்துவிட்டு உள்ளே தனி எண்களை வைத்துக்கொள்கிறார்கள். தோட்டத்துக்குக் கடிதம் வருகிற முறை தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். காம்பராவுக்குத் தனி அஞ்சல் முகவரி இல்லாத தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். எந்த டிவிஷன், மேட்டு லயமா பணிய லயமா, யாருக்கு என்று ஒபிசில் பார்த்துப் பிரிப்பார்கள். ரவுட்டர் செய்வதும் அதுதான். எந்தக் கேள்வி எந்தப் போனிலிருந்து போனது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அந்தப் போனுக்கே கொடுக்கிறது.

முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எண் கொடுக்கவே இல்லை என்று பொருள். ரவுட்டரை நிறுத்திப் போடுங்கள்.

படி 3: வெளி உலகம் பதில் சொல்கிறதா?

செயலியில் பிங் பகுதிக்குப் போய் 8.8.8.8 என்று அடியுங்கள். இது கூகுள் 2009இல் தொடங்கிய பொது டிஎன்எஸ் சேவையின் முகவரி. ஒரே முகவரியில் உலகின் பல இடங்களில் இயந்திரங்கள் நிற்கின்றன, உங்களுக்கு வழியில் கிட்ட இருப்பது பதில் சொல்லும். பதில் வந்தால் போன், டவர், உங்கள் நிறுவனம், அதற்கு வெளியே என்று எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பதில் வர எடுத்த நேரத்தை மில்லி செக்கனில் ஓர் எண் காட்டும். 4ஜியில் 30 முதல் 60 வரை வந்தால் சாதாரணம்.

பதிலே வரவில்லை, ஆனால் வட்ஸ்அப் ஓடுகிறது என்றால் உங்கள் பெக்கேஜைப் பாருங்கள். சமூக ஊடகத்துக்கு மட்டும் டேட்டா தரும் பெக்கேஜ் போட்டிருந்தால், பொது டேட்டா தீர்ந்தபிறகும் வட்ஸ்அப் ஓடும், மற்றது ஓடாது. இரவு டேட்டா மட்டும் மிச்சமிருந்தாலும் பகலில் இதே கதைதான்.

படி 4: பெயரை முகவரியாக மாற்றுகிறார்களா?

எங்களை மறித்தது இந்தக் கட்டம்தான். 8.8.8.8 பதில் சொன்னது. தளத்தின் பெயரை அடித்தால் பதில் இல்லை.

இயந்திரங்களுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும் போன் முதலில் ஒரு டிஎன்எஸ் சேவையகத்திடம் "இதற்கு எண் என்ன?" என்று கேட்கிறது. பெயர் இலங்கைக்குரிய டொட் எல்கே என்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சேவையகத்துக்கு விடை ஏற்கெனவே தெரியாவிட்டால் அது வேர்ச் சேவையகங்களிடம் போகும். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் அவை இருக்கின்றன. அவை "எல்கே பெயர்களை வைத்திருப்பவர் இவர்" என்று வழிகாட்டும். அங்கே போய்க் கேட்டால், அந்தத் தளத்தின் எண் யாரிடம் இருக்கிறது என்று தெரியும். அங்கிருந்து எண் வந்த பிறகுதான் உங்கள் போன் தளத்தை நோக்கி நகரவே தொடங்கும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிகிறது. கிடைத்த விடையைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் இரண்டாவது முறை இன்னும் வேகம்.

இந்த ஏற்பாட்டைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தார். எல்கே பெயர்ப் பதிவு 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2010இலிருந்து "இலங்கை" என்று தமிழிலேயே முடியும் முகவரிகளுக்கும் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் பெருக வேண்டும் என்பது என் ஆசை.

ஆக, உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் படுத்துவிட்டால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தும் எந்தப் பெயரும் திறக்காது. வட்ஸ்அப் போன்றவை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் தொடர்பில் பேசிக்கொண்டிருக்கலாம், அதனால்தான் குழப்பம்.

சோதனை எளிது. எண்ணுக்குப் பிங் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ்தான் கோளாறு. மருந்து, வேறு டிஎன்எஸ்ஸிடம் கேட்கச் சொல்வது. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று இருக்கும். சாம்சுங்கில் கனெக்ஷன்ஸ் என்பதற்குள், கூடுதல் இணைப்பு அமைப்புகளில் தேடுங்கள்.

இங்கே நிதானம் வேண்டும். இந்த இடத்தில் 8.8.8.8 என்று எண்ணைப் போட்டால் ஏற்காது. பெயரைத்தான் கேட்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்தில் டி, என், எஸ் என்ற மூன்று எழுத்து, ஒரு புள்ளி, பிறகு கூகுள். அவ்வளவுதான். பின்னால் டொட் கொம் கிடையாது. நடுவில் இடைவெளியும் கூடாது, கீபோர்ட் தானாகவே முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தால் அதையும் சிறிதாக்கிவிடுங்கள். சேமித்துவிட்டு ஏரோப்பிளேன் மோடைப் போட்டு எடுங்கள்.

பழைய போன் என்றால் வைஃபை அமைப்பில் "ஸ்டேட்டிக்" என்பதைத் தெரிவுசெய்து டிஎன்எஸ் 1 என்ற கட்டத்தில் எண்ணையே போடலாம். வீட்டில் ரவுட்டர் இருந்தால் நான் ரவுட்டரில்தான் மாற்றுவேன். ஒரு முறை மாற்றினால் எல்லோருக்கும் சரி.

படி 5: எந்த வழியாகப் போகிறது?

டிரேஸ்ரூட்டில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் தள முகவரியைப் போடுங்கள். நீங்கள் அனுப்புவது ஒரே நீளமான ஓட்டமாகப் போவதில்லை, பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மிகாத பொதிகளாக வெட்டப்பட்டுப் போகிறது. அவை கடக்கும் ரவுட்டர்கள் வரிசையாகத் தெரியும். முதலில் உள்ளூர், பிறகு உங்கள் நிறுவனம், ஓர் இடத்தில் மில்லி செக்கன் எண் சட்டென்று தாவும். பெரும்பாலும் அங்கேதான் கடல் தொடங்குகிறது. கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4, மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 இரண்டும் சிங்கப்பூருக்கும் பிரான்சுக்கும் நடுவில் கடலடியில் ஓடும் ஃபைபர் கேபிள்கள். ஃபைபருக்குள் ஒளி செக்கனுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டிலேயே சுமார் 8,700 கிலோமீட்டர். அதனால் அங்கே போய்த் திரும்ப 87 மில்லி செக்கனுக்குக் கீழே எந்தப் பெக்கேஜாலும் முடியாது.

நடுவில் நட்சத்திரக் குறிகள் வந்தால் வழி அறுந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சில ரவுட்டர்கள் பதில் சொல்லாமல் பொதியை மட்டும் கடத்திவிடும். கடைசி வரி வந்து சேர்ந்தால் போதும்.

யூடியூப் ஓடி மற்றத் தளம் ஊர்ந்தால் அதற்கும் காரணம் உண்டு. அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதிகளைப் பெரிய நிறுவனங்கள் நமக்குக் கிட்டவே வைத்திருக்கின்றன. பரீட்சை முடிவு வரும் நாளில் எல்லாப் படியும் சரியாக இருந்தும் தளம் திறக்காவிட்டால் நெரிசல் அந்தப் பக்கத்தில். ரீலோட் போட்டுப் பயனில்லை, இரவில் முயலுங்கள்.

பின்சேர்க்கை: "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எல்லாத் தளத்திலும் வருகிறது என்று பண்டாரவளைப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருந்தார். போனின் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கி எழுந்த பழைய போன்களில் தேதி பின்னுக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு, தேதி பொருந்தாவிட்டால் பிரவுசர் ஏற்காது. தேதியைத் தானியங்கியாக வைத்ததும் அவருக்குச் சரியாகிவிட்டது.

இன்னொரு பின்சேர்க்கை: பிரைவேட் டிஎன்எஸ் போட்ட பிறகு ஹோட்டல், நூலக வைஃபையில் உள்நுழையும் பக்கம் வரவில்லை என்று ஹட்டனிலிருந்து ஒரு தம்பி எழுதினார். அந்த வைஃபைகள் முதலில் தங்கள் டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்க விடும். அங்கே இருக்கும்போது பிரைவேட் டிஎன்எஸ்ஸை "ஓட்டோமேட்டிக்" என்று மாற்றிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டுவிடலாம்.