பாறையில் சோலார் பேனல்: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் வீட்டைச் சுற்றிச் சமதரை கிடைப்பது அபூர்வம். கிடைக்கிற நல்ல மண்ணில் மரக்கறி போடுவோம். மிச்சம் கிடப்பது பாறை. பழைய தகரக் கூரையை நம்பிப் பாரம் ஏற்ற முடியாதவர்கள், பின்பக்கத்துப் பாறையில் சோலார் பேனல் வைக்கலாமே என்று நினைப்பது நல்ல யோசனைதான். பயிர் நிலம் வீணாகாது, ஆழக் குழி வெட்டிக் கொங்கிரீட் போடும் செலவும் குறையும். ஆனால் "பாறைதானே, அது எங்கே அசையப்போகிறது" என்ற நினைப்பில்தான் முக்கால்வாசித் தவறுகளும் தொடங்குகின்றன. பாறை அசையாது, சரி. பேனலைப் பாறையோடு பிடித்து வைத்திருப்பது விரல் தடிப்பில் சில கம்பிகள். காற்று இழுத்துப் பார்ப்பது அவற்றைத்தான்.

பலரும் பேனலின் பாரத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. 550 வொட் பேனல் ஒன்றின் எடை கிட்டத்தட்ட 28 கிலோ, பரப்பு இரண்டரைச் சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால், அந்த ஒரு பேனலில் விழும் விசை சுமார் 100 கிலோ. காற்று அடிப்பக்கமாகப் புகுந்தால் அது மேல்நோக்கித் தூக்கும் விசையாகிவிடும். எட்டுப் பேனல் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மலை முகட்டில் காற்று இன்னும் வேகம் பிடிக்கும்; அம்பேவலையில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், தென்மேல் பருவக் காற்று நேராக வந்து மோதும் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் இருப்பவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. ஆகவே பாறையில் ஓட்டை போடச் சோம்பல்பட்டு, கொங்கிரீட் கட்டிகளைப் பாரமாக வைத்துச் சமாளிக்கும் வேலை இங்கே வேண்டாம். மழைக்காலத்தில் பாசி பிடித்த சரிவில் அந்தக் கட்டிகளே வழுக்கும்.

அடுத்தது, காண்பதையெல்லாம் பாறை என்று நம்புவது. மலையகத்துப் பாறைகள் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், குவாட்சைட் போன்ற உருமாறிய பாறைகள். கருங்கல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இவை வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல் போலத் தட்டுத் தட்டாகக் கழலும். மேல்தட்டு பார்வைக்கு உறுதியாக இருக்கும், அதற்குக் கீழே இடைவெளி ஓடும். அந்தத் தட்டில் அடித்த போல்ட், காற்று இழுக்கும்போது தட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. அலவாங்கின் அடிப்பக்கத்தால் ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பாறை "டங்" என்று கணீரென ஒலிக்கும், அலவாங்கு கையில் துள்ளும். தட்டு விட்ட இடம் "டொக்" என்று மந்தமாகச் சொல்லும். மந்தமாகச் சொன்ன இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து ஒதுக்குங்கள். ஒதுக்க இடமில்லை என்றால் அந்தத் தட்டை உடைத்தெடுத்துவிட்டு, கீழிருக்கும் பாறையில் வேலையைத் தொடங்குங்கள்.

இதைவிட ஆபத்தானது உருண்டைக் கல். செம்மண்ணுக்குள் பாதி புதைந்து, மேலே தெரியும் பகுதி மட்டும் மலைப்பாறை போல இருக்கும். தட்டினால் கணீரென்றே ஒலிக்கும். அது தனிக்கல், மண் நனைந்து இளகினால் மண்ணோடு சேர்ந்து நகரும். ஓரத்து மண்ணை விலக்கி, கல் உள்ளே விரிந்து போகிறதா, வளைந்து முடிகிறதா என்று பாருங்கள். மேலே சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊற்றெடுத்த நீர் இருந்தால் அந்த இடத்தில் வேலையே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் மறக்கக்கூடாது. மண்சரிவு அபாயமுள்ள பகுதியா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சமப்படுத்துகிறேன் என்று வெடி வைப்பதும், நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. வெடிமருந்துக்கு அனுமதி வேண்டும் என்பது ஒரு பக்கம், மிச்சமிருக்கும் பாறையிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஓடிவிடும் என்பது மறுபக்கம்.

இனி ஓட்டை. முழு வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படுவதும் இங்கேதான். ஹாட்வெயார் கடையில் முதலில் எடுத்துத் தருவது இறுக்க இறுக்க விரிந்து பிடிக்கும் அங்கர் போல்ட். கொங்கிரீட்டுக்கு அது சரி. நைஸ் பாறையில் வரிவரியாகப் படலம் ஓடும். விரிகிற போல்ட் அந்தப் படலங்களை நெம்பிப் பிளக்கும், ஓரத்துக்குக் கிட்ட என்றால் நிச்சயம் பிளக்கும். பாறைக்குக் கெமிக்கல் அங்கர் என்று விற்கும் இரசாயனப் பசையோ, சுருங்காத சீமெந்துக் கலவையோதான் பொருத்தம். இரண்டும் பாறையை நெம்பாமல் ஒட்டிப் பிடிக்கும். பசை என்றால் 12 மில்லிமீற்றர் கம்பிக்கு 14 மில்லிமீற்றர் ஓட்டை, 16க்கு 18. ஆழம், 12 மில்லிமீற்றர் கம்பிக்கு ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர். இந்த ஆழத்தை நல்ல பாறை தொடங்கும் இடத்திலிருந்து எண்ண வேண்டும். மேலே உதிரும் 3 சென்ரிமீற்றர் இருந்தால் அது கணக்கில் சேராது.

ட்ரில் பண்ணி முடித்ததும் ஓட்டைக்குள் நிறையக் கல்மா தங்கியிருக்கும். அதன் மேலேயே பசையை விட்டால் பசை பாறையைப் பிடிக்காது, மாவைத்தான் பிடிக்கும். கழன்று வந்த கம்பியை எங்காவது கண்டால் கையில் எடுத்துப் பாருங்கள்: பசை முழுசாகக் கம்பியில் இருக்கும், அதன் வெளிப்புறம் திருநீறு பூசியதுபோல் சாம்பல் நிற மா ஒட்டியிருக்கும். பசையில் குறையில்லை, துப்புரவு போதவில்லை. கைப்பம்பால் அடியிலிருந்து ஊதி, கம்பித் தூரிகையை விட்டுச் சுழற்றி, மறுபடி ஊத வேண்டும். மா வருவது நிற்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். வாயால் ஊதக் கூடாது, கண்ணுக்குள் தெறிக்கும். நம் பாறைகளில் குவாட்ஸ் என்னும் படிகக் கல் அதிகம், அதன் தூசு நுரையீரலைக் கெடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. ட்ரில் பிடிக்கிற பாஸுக்கும் கூட நிற்கும் பையனுக்கும் நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. துணியைக் கட்டிக்கொள்வது போதாது.

பசைக் குழாயிலிருந்து முதலில் வருவதை வெளியே விட்டுவிடுங்கள். நிறம் ஒரே மாதிரி வந்த பிறகே ஓட்டைக்குள் விட வேண்டும். அடியிலிருந்து முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவாக நிரப்பி, கம்பியைத் திருகியபடி இறக்குங்கள். அப்புறம் தொடாதீர்கள். கொழும்பு வெயிலில் சீக்கிரம் இறுகும் பசை, நுவரெலியாக் குளிரில் பல மடங்கு நேரம் கேட்கும். பெட்டியில் வெப்பநிலைக்கு ஏற்ற அட்டவணை இருக்கும், அதில் பார்க்க வேண்டியது பாறையின் குளிரை. ஓட்டைக்குள் நீர் ஊறினால், ஈரத்தில் பிடிக்கும் பசைதானா என்பதைப் பொதியில் உறுதிப்படுத்துங்கள். ஊற்று நிற்காத ஓட்டை என்றால் கைவிட்டு வேறிடம் பாருங்கள். இறுகிய பிறகு ஓரிரண்டு கம்பிகளையாவது இழுவைக் கருவி போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். பெரிய வேலை என்றால் இதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

பாறையில் ட்ரில் குறித்த இடத்தில் நிற்காது, கடினமான கோடு பட்டால் சறுக்கும். அதனால் பேனல் சட்டத்தின் கால்களைப் பாறையில் பொருத்தும் அடித்தகட்டை முதலே செய்து கொண்டுவந்தால் ஓட்டைகள் பொருந்தாது. அப்போது கேஸ் வைத்துத் தகட்டின் ஓட்டையை அகலமாக்குவார்கள், அங்கே துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், நம் மழையில் துரு அங்கிருந்தே கிளம்பும். பாறையில் முதலில் துளைத்து, அந்த அளவை அட்டையில் எடுத்துத் தகடு செய்யலாம். அல்லது நீள்வட்டத் துளையும் தடித்த பெரிய வொஷரும் வைக்கலாம். மேடு பள்ளத்துக்குச் சிறு கற்களை அண்டைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு காலையும் தேவையான உயரத்துக்கு வெட்டி, தகட்டுக்குக் கீழே கலவையை நிரப்பி, ஓரத்தைச் சரித்துவிட்டால் நீர் தங்காது. மழை பெய்யும்போது ஒருமுறை போய்ப் பாறையைப் பாருங்கள், நீர் ஓடும் தடம் தெரியும். கால்களையும் வயரையும் அந்தத் தடத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

பாறையில் ஏர்த் விஷயத்தை, அதாவது மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பை, மிகவும் கவனிக்க வேண்டும். பாறைக்குள் இறுக்கிய போல்ட் ஏர்த் ஆகாது. காய்ந்த கருங்கல் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்துவதே இல்லை என்று சொல்லலாம். ஏர்த் கம்பி இரண்டடி இறங்கியதும் பாறையில் முட்டிவிட்டது என்று வெட்டிவிட்டு, மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவதும் நடக்கிறது. சித்திரை, ஐப்பசியில் பிற்பகல் இடிமின்னல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சரிவில் இறங்கி ஈரமண் உள்ள இடம்வரை செப்புக் கம்பியைக் கொண்டுபோய், ஆழமாக இறக்க முடியாவிட்டால் கிடையாக நீளத்துக்குப் புதைத்து, சுற்றிலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டனைட் களி போடலாம். பிறகு ஏர்த் அளக்கும் கருவியால் அளந்து காட்டச் சொல்லுங்கள். எல்லாச் சட்டங்களையும் ஒன்றோடொன்று இணைத்து, அந்த ஏர்த்தை வீட்டு ஏர்த்தோடும் இணைக்க வேண்டும். இரண்டும் தனித்தனியாக நின்றால் மின்னல் விழும்போது இடையிலிருக்கும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேட்டர்தான் அடிபடும். மின்னெழுச்சித் தடுப்பான் பேனலிலிருந்து வரும் டீசி பக்கமும் வீட்டுக்குப் போகும் ஏசி பக்கமும் வேண்டும். செப்பு வயரை அலுமினியச் சட்டத்தில் நேரடியாக முறுக்கிக் கட்டினால் ஈரத்தில் அரித்துவிடும், வயர் முனையில் வெள்ளீயம் பூசிய லக் போடுங்கள்.

திசை பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறோம். டிசம்பர் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 30 பாகை தெற்கே, ஜூனில் 16 பாகை வடக்கே. தெற்குப் பார்த்துப் பத்துப் பாகைச் சாய்வு போதும், மழை தூசைக் கழுவிவிடும். பாறை எப்படிச் சாய்கிறதோ அப்படியே பேனலையும் படுக்க வைப்பது தவறு. செங்குத்தாக நிமிர்ந்தால் வெயிலும் குறையும், காற்றும் அதிகம் பிடிக்கும். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கும் ஊர்களில் காலை வெயில்தான் முதல், ஆகவே கிழக்கே மலையோ கிரவில்லியா மரமோ மறைக்காத இடமாகப் பாருங்கள். வெயிலில் கொதிக்கும் பாறைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றோட இடம் விடாவிட்டால் மின்சாரம் குறையும்.

தோட்டக் காணியில், லயத்துக்குப் பின்னால் வைக்கப்போகிறீர்கள் என்றால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மிகுதி மின்சாரத்தை விற்கும் திட்டங்கள் கூரைகளை நினைத்து அமைக்கப்பட்டவை, அதனால் தரையில் வைக்க இடம் கொடுப்பார்களா என்று ட்ரில் எடுப்பதற்கு முன்பே பகுதி மின்சார அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

வயரைப் பாறையில் புதைக்க முடியாது. வெள்ளை பிவிசி குழாய் வெயிலில் நொறுங்கும், காட்டுப்பன்றி மிதிக்கும், எலி கடிக்கும். கல்வனைஸ் குழாயில் விட்டுக் கிளிப் அடியுங்கள், குழாயின் இரு முனைகளையும் அடைத்துவிடுங்கள். முதல் பருவக் காற்று முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பொருத்தும் நாளிலேயே நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் இழுத்து வைத்தால், எது தளர்ந்தது என்று தூரத்திலிருந்தே தெரியும்.