சங்கு குளிப்பவர் காது பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தேடுவது எப்படி?

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்கு வரும் காதுக் கோளாறு பற்றி ஒரு ரிவ்யூ (வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதும் கட்டுரை) எழுதப்போகிறீர்கள், ஆய்வுகளைத் தேடித் தரும் வேலை உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தேடலில் ஊர்ப் பெயரைப் போடாதீர்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல இரண்டு மடங்கு, அது மன்னார் வளைகுடாவானாலும் ஜெஜு தீவானாலும் ஒன்றுதான். மூச்சடக்கி முக்குளிக்கும் கொரியாவின் ஹேன்யோ பெண்கள், ஜப்பானின் ஆமா பெண்கள் பற்றியெல்லாம் ஆய்வு நடந்திருக்கிறது, 'ராமநாதபுரம்' என்று அடித்தால் அதெல்லாம் கண்ணிலேயே படாது.

கேள்வியை இரண்டாக மட்டும் உடையுங்கள்: முக்குளிப்பவர், காது. 'தொழிலாளர்', 'பரிசோதனை' என்று ஆண்ட் (AND, எல்லாச் சொல்லும் இருக்க வேண்டும் என்ற கட்டளை) போட்டு அடுக்க அடுக்க, கட்டுரைச் சுருக்கத்தில் அந்தச் சொல் இல்லாத நல்ல கட்டுரை ஒவ்வொன்றாக வெளியே போய்விடும்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளமான பப்மெட்டில் டைவிங், பாரோட்ராமா (அழுத்த மாற்றத்தால் வரும் காயம்), ஹியரிங் லாஸ் ஆகிய மெஷ் தலைப்புகள் (கட்டுரைகளுக்குப் பொருள்வாரியாக இடும் நிலையான சொற்கள்) இருக்கின்றன. அவை மட்டும் போதாது. புதிதாக வந்தவற்றுக்கும் மெட்லைனில் (பப்மெட்டின் முக்கியப் பகுதி) சேராத இதழ்களுக்கும் மெஷ் இருக்காது, அதனால் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சொற்களையும் ஆர் (OR, ஏதாவது ஒரு சொல் இருந்தால் போதும்) போட்டுச் சேர்க்க வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை: சோம்பல்பட்டு டைவர் என்பதற்குப் பின்னால் நட்சத்திரக் குறி (அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொல்லையும் தேடும்) போட்டால் டைவர்சிட்டி, குடல் நோயான டைவர்டிகுலைட்டிஸ் எல்லாம் வலையில் ஏறிவிடும்! டைவர், டைவர்ஸ், டைவிங் என்று தனித்தனியாகவே எழுதுங்கள். 'ஹியூமன்ஸ்' ஃபில்டரையும் தொடாதீர்கள், அதுவும் மெஷ்ஷை நம்பித்தான் ஓடுகிறது.

எம்பேஸ் என்ற இன்னொரு மருத்துவத் தேடல் தளம் கட்டணத் தளம், மருத்துவக் கல்லூரி நூலகத்தில் கேட்டுப்பாருங்கள். அதன் தலைப்புகள் மெஷ் அல்ல, எம்ட்ரீ என்ற வேறு பட்டியல், அதனால் பப்மெட் வரியை அப்படியே ஒட்டினால் வேலைக்கு ஆகாது.

ஊர்ப் பெயர் இரண்டாம் சுற்றில். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடுகள், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் களஞ்சியத்தில் சங்கு குளிப்பு பற்றிய பழைய அறிக்கைகள். ராம்நாட், கீலக்கரை, கிளக்கரை என ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். சங்கின் அறிவியல் பெயர் இப்போது டர்பினெல்லா பைரம், பழைய அறிக்கைகளில் சான்கஸ் பைரம்.

அப்புறம் ஒரு சோதனை: ஏற்கெனவே கையில் இருக்கும் நாலைந்து நல்ல கட்டுரைகள் விடையில் வருகின்றனவா? வரவில்லையென்றால் எந்தச் சொல் விட்டுப்போனது என்று பார்த்துத் திருத்துங்கள். முடிந்தால் ஒரு நூலகரிடமும் காட்டுங்கள்.

தளம், தேதி, முழுத் தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை நாலையும் அன்றன்றே எழுதி வையுங்கள், 2021இல் வந்த பிரிஸ்மா-எஸ் (தேடலை எப்படிப் பதிவுசெய்வது என்ற வழிகாட்டி) இதையெல்லாம் கேட்கிறது. ஸோட்டெரோவில் (கட்டுரைக் குறிப்புகளைச் சேமிக்கும் மென்பொருள்) டூப்ளிகேட்டை நீக்குவதற்கு முந்தைய எண்ணையும் சேர்த்துத்தான்.