வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இந்திய உரிம விதிகளைச் சரிபார்ப்பது எப்படி

நீட் முடிவு வந்த கையோடு ஊரெங்கும் பேனர்கள் முளைத்துவிடும். ஆறு வருடப் படிப்பு, ஆங்கில வழி, தென்னிந்தியச் சாப்பாட்டுடன் விடுதி என்று எல்லாம் இருக்கும். படித்து முடித்தவர் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய முடியுமா என்பது மட்டும் இருக்காது. என் அக்கா மகள் வெளிநாட்டில் படித்துத் திரும்பியபோது, பதிவு கிடைக்கும் வரை கோப்பைத் தூக்கிக்கொண்டு அவளோடு அலைந்தவன் நான். அவள் சேர்ந்தது பழைய விதி இருந்த காலம். இப்போதைய விதி அதைவிடக் கடுமையானது. அதனால் பணம் கட்டும் முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

முதல் படி: நீட் தேர்ச்சி

வெளிநாட்டுக்கு நீட் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வாருங்கள். 2018 முதல் வெளிநாட்டில் படிக்கவும் நீட் தேர்ச்சி கட்டாயம். அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 பிப்ரவரியில் உறுதி செய்துவிட்டது. பொதுப் பிரிவுக்கு 50 பர்சென்டைல், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கு 40. இது மதிப்பெண் சதவீதம் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள். தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேருக்கு மேலே நிற்கிறீர்கள் என்ற கணக்கு. இந்தத் தேர்ச்சி வெளிநாட்டுச் சேர்க்கைக்கு 3 வருடம் செல்லும்.

இரண்டாம் படி: மாதக் கணக்கு போடுங்கள்

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று புதிய விதிகளை வெளியிட்டது. இனி சேரும் எல்லோருக்கும் அவைதான். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல், அதே கல்லூரியில் தனியாக 12 மாதப் பயிற்சி. ஆக 66 மாதம். ஒரு பேப்பரை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பயிற்சியையும் சேர்த்து 5 வருடம் என்றால் 60 மாதம்தான், போதாது.

பிலிப்பைன்ஸில் பலர் இடறியது இந்த இடத்தில்தான். அங்கே முதலில் பி.எஸ். என்ற இளங்கலை அறிவியல் படிப்பு, அப்புறம் 4 வருட எம்.டி. நம் ஊர் மேற்படிப்பு எம்.டி. இல்லை, அங்கே அடிப்படை மருத்துவப் பட்டத்துக்கே அந்தப் பெயர். அந்த பி.எஸ். மருத்துவப் படிப்புக் கணக்கில் வராது. மிஞ்சுவது 48 மாதம்.

பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு பகுதியை இந்தியாவிலோ வேறொரு நாட்டிலோ முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள், விதி அதை ஏற்காது. சேர்ந்த நாளிலிருந்து 10 வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

மூன்றாம் படி: அந்த நாட்டு உரிமம்

நான் பார்த்தவரை பெற்றோர் அதிகம் கவனிக்காத விதி இது. உங்கள் பட்டத்தை வைத்து, படித்த நாட்டிலேயே டாக்டராக வேலை பார்க்கும் தகுதி கிடைக்க வேண்டும். அதுவும் அந்த நாட்டுக் குடிமக்களுக்குக் கொடுக்கும் உரிமத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அங்கே வைத்தியம் பார்க்க முடியாத பட்டத்துக்கு இங்கேயும் மதிப்பு இல்லை என்பதுதான் இதன் பொருள். "உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதே" என்று ஏஜென்ட் சொல்வார். அந்தப் பட்டியலில் இருப்பதும் உரிமத் தகுதியும் ஒன்றல்ல.

அதனால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். உள்ளூர் மாணவருக்கும் எனக்கும் ஒரே பட்டமா? வெளிநாட்டவருக்கு உங்கள் நாட்டில் மருத்துவ உரிமம் கிடைக்குமா? உரிமத் தேர்வு எந்த மொழியில் நடக்கும்? கடைசிக் கேள்வி சின்னதல்ல. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி அந்த ஊர் மொழியில்தான் பேசுவார். மொழி தெரியாவிட்டால் வார்டில் வேடிக்கைதான் பார்க்க முடியும். பதிலை ஏஜென்ட் வாயிலிருந்து வாங்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து வரட்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளையும் தேடிப் படியுங்கள்.

நான்காம் படி: திரும்பி வந்ததும் தேர்வு

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வு வழக்கமாக ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. 300 கேள்விகள், 150 எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை. கேட்க எளிதாக இருக்கிறதா? சீனாவில் படித்தவர்களில் 2015 முதல் 2021 வரை இதை எழுதியவர்கள் 40,417 பேர், தேர்ச்சி பெற்றவர்கள் 6,387 பேர். நூற்றுக்குப் பதினாறு பேர்கூட இல்லை. கடைசி வருடம் கோச்சிங் போனால் போதும் என்று இருக்காமல், முதல் வருடத்திலிருந்தே இந்திய சிலபஸ் புத்தகங்களையும் சேர்த்துப் படியுங்கள். இந்தத் தேர்வுக்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற தேர்வைக் கொண்டுவருவதாக அறிவிப்பு இருக்கிறது. அது வரும்வரை இதுதான் வாசல்.

ஐந்தாம் படி: இங்கே ஒரு வருட ஹவுஸ் சர்ஜன்

தேர்ச்சி பெற்றதும் மாநில மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. நமக்கு அது சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. பிறகு இந்தியாவிலும் 12 மாதம் பயிற்சி. "அங்கேதான் ஒரு வருடம் செய்துவிட்டேனே" என்று பலர் கொதிக்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் விதி இரண்டையும் கேட்கிறது. வீட்டுச் செலவுக் கணக்கில் இந்த வருடத்தையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். இது முடிந்த பிறகுதான் நிரந்தரப் பதிவு.

முதல் நாளிலிருந்தே: காகிதங்கள்

நீட் மதிப்பெண் அட்டை, சேர்க்கைக் கடிதம், ஒவ்வொரு வருட மார்க் ஷீட், பயிற்சிச் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரைகளை வைத்துத்தான் நீங்கள் அந்த நாட்டில் இருந்து படித்தீர்களா, ஆன்லைனில் படித்தீர்களா என்று பார்ப்பார்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (சான்றிதழ் உண்மையானது என்று அந்த நாட்டு அரசு வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காகத் தரும் முத்திரை) அல்லது தூதரகச் சான்று வேண்டும். அதை அங்கிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. ப்ளஸ் டூ சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அந்த அப்பா பெயரையே குடும்பப் பெயராக நினைத்துப் பட்டத்தில் முன்னால் போட்டுவிடும். மூன்று காகிதம், மூன்று பெயர். என் அக்கா மகளுக்கு இதைச் சரிசெய்வதிலேயே மாதக்கணக்கில் போயிற்று. சேரும்போதே உங்கள் பெயர் பட்டத்தில் எப்படி அச்சாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கி அதே கோப்பில் வையுங்கள்.