நிலா சிவந்தால் நிலாவைக் குற்றம் சொல்லாதீர்கள்

பௌர்ணமி சாயங்காலம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நின்றால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். கிழக்கே கடலுக்கு மேல் செம்புத் தாம்பாளம் மாதிரி நிலா எழும்பும். "என்னண்ணே, இன்னிக்கு நிலா இப்படிச் சிவந்து கிடக்கு?" என்று ஒருவர் கேட்பார். "கடல் சரியில்ல தம்பி, புயல் வரும் பாரு" என்று பதில் வரும். முக்கால் மணி நேரத்தில் அதே நிலா வெள்ளை வெளேரென்று நிற்கும். அதற்குள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

முதல் தவறு அதுதான், பாதியில் கிளம்பிவிடுவது. இருந்து பார்த்தவர்களுக்கு நிலா நிறம் மாறியதாகத் தோன்றாது. நடுவில் ஏதோ திரை விலகியதாகத்தான் தோன்றும். அந்தத் திரை காற்று. நிலா தலைக்கு மேல் இருக்கும்போது அதன் ஒளி கடந்துவரும் காற்றைப் போல, அடிவானத்தில் இருக்கும்போது கிட்டத்தட்ட 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் காற்றின் மூலக்கூறுகள் நீலத்தை அதிகமாகச் சிதறடித்துவிடுகின்றன. சிவப்பும் மஞ்சளும் மிஞ்சி நம்மிடம் வந்து சேர்கின்றன. மாலைச் சூரியன் சிவப்பதும் இதே கணக்கில்தான்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். அதன் அகலம் சுமார் 10 டிகிரி. ராமேஸ்வரம் பூமத்திய ரேகைக்கு 9 டிகிரி வடக்கே இருப்பதால் இங்கே நிலா சாய்ந்து நகராமல் ஏறக்குறைய நேராக மேலே ஏறும். ஒரு முஷ்டி உயரம் ஏற 40 நிமிடம் போதும். அதற்குள் 38 மடங்கு காற்று ஆறு மடங்குக்கும் கீழே வந்துவிடும். வட ஐரோப்பாவில் நிலா சாய்வாக ஏறுவதால் இதே மாற்றத்துக்கு இன்னும் நேரம் பிடிக்கும். நம் கரையில் இந்த வேடிக்கை சட்டென்று முடிந்துபோகும்.

நிலாவுக்கென்று சொந்த நிறம் இல்லையா? இருக்கிறது, ஆனால் அவ்வளவு அழகில்லை. 1969 முதல் 1972 வரை அப்போலோ பயணங்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன, பெரும்பாலும் கருஞ்சாம்பல். தன்மேல் விழும் சூரிய ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் நிலா திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார் ரோடும் ஏறக்குறைய அவ்வளவுதான் அனுப்பும். சுற்றிலும் இருட்டாக இருப்பதால் பால் நிலா என்கிறோம்.

நிலா ஏறிய பிறகும் சிவப்பு விடவில்லை என்றால்தான் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். நம் மாவட்டத்தில் அதற்குத் தூரம் போக வேண்டாம். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் ஊர்ப்பக்கம், காற்று அசையாத இரவில், இரண்டு முஷ்டி உயரத்திலும் நிலா பழுத்த எலுமிச்சை நிறத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நுண்ணிய புகைத்துகள் நீலத்தை இன்னும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. கடலோர உப்பு ஈரம் அப்படியில்லை. அதன் துளிகள் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடித்து நிலாவை வெளுக்கவைக்கும், மங்கவைக்கும், சிவக்கவைக்காது.

சரி, புயல் விஷயம். எழும்போது சிவக்காத நிலா அபூர்வம் என்பதால் அந்தச் சிவப்பை நம்பி வள்ளத்தைக் கரையேற்ற முடியாது. ஆனால் நிலாவைச் சுற்றிக் 'கோட்டை கட்டுவதை' நான் தள்ளிவிட மாட்டேன். மிக உயரத்தில் பரவும் மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்கள் 22 டிகிரி ஆரத்தில் போடும் வட்டம் அது. நீட்டிய கையில் விரித்த கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள தூரம்தான் அந்த ஆரம். அப்படிப்பட்ட மேகம் சில சமயம் மழைக்கு முன்னால் வரும். 'அகல வட்டம் பகல் மழை' என்றவர்கள் வானத்தைப் பார்க்காமல் சொல்லவில்லை.

கிரகணச் சிவப்பையும் அடிவானச் சிவப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இன்னொரு தவறு. 2025 செப்டம்பர் 7 இரவு 11 மணிக்குத் தொடங்கி 82 நிமிடம் முழு கிரகணம் நீடித்தது. அப்போது நிலா நமக்கு உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த உயரத்தில் நம் ஊர்க்காற்று அதைச் சிவக்கவைக்க வழியில்லை. பூமியின் நிழலுக்குள் போன நிலாமேல், பூமியின் விளிம்புக் காற்றை உரசி வளைந்த சூரிய ஒளி விழுகிறது. உலகத்தில் அந்த நேரம் நடக்கும் எல்லா உதயமும் அஸ்தமனமும் சேர்ந்து அங்கே அடிக்கும் வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். 1991 இல் பினாடுபோ எரிமலை வெடித்தது. அது மேலே அனுப்பிய துகள்களால் 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா சிவப்பைத் தாண்டிக் கறுத்தே போனது.

அப்புறம் 'நீல நிலா'. வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் பிள்ளைகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் ஏமாறாதீர்கள். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டாவதாக வரும் பௌர்ணமிக்கு அந்தப் பெயர். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2023 ஆகஸ்டில் அப்படி வந்தது. அதே வருஷம் ஆடியில் இரண்டு அமாவாசை வந்து, தர்ப்பணம் எந்த அமாவாசைக்கு என்று ஊரே குழம்பியது நினைவிருக்கும். இரண்டுமே காலண்டர் கணக்குதான். 'ஸ்ட்ராபெரி நிலா', 'பிங்க் நிலா' எல்லாம் அமெரிக்கப் பருவப் பெயர்கள்.

நிஜமாகவே நீலமாகத் தெரிந்த நிலாவும் உண்டு. 1950 செப்டம்பரில் கனடாவின் காட்டுத்தீப் புகை அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய், ஸ்காட்லாந்தில் சூரியனையும் நிலாவையும் நீலமாக்கியது. துகள்கள் எல்லாம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், ஒரே சீராக அமைந்தால் சிவப்பு அடிபட்டு நீலம் மிஞ்சும். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு, செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது பதிவாகியிருக்கிறது. நடுவில் இருக்கும் நம் கரைக்காரர்களும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

எழும் நிலா பெரிதாகத் தெரிவதற்கும் காற்று காரணமில்லை. அது கண்ணின் ஏமாற்று. நீட்டிய கையின் சுண்டுவிரலால் மூடிப் பாருங்கள், எழும்போதும் உச்சியிலும் அதே விரலுக்குள் அடங்கும்.

கடைசியாக, செல்போன். கரையில் நான் எடுத்த முதல் இருபது படங்களிலும் நிலா ட்யூப்லைட் துண்டு மாதிரி இருந்தது. இருட்டு வானத்தைப் பார்த்துப் போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. போதாததற்கு, மஞ்சளைக் குறையென்று நினைத்துத் தானே வெளுக்கவைக்கிறது. நைட் மோடை அணைத்து, நிலாமேல் விரலை அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுத்து, நிறச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்தேன். இருபத்தொன்றாவது படத்தில் செம்புத் தாம்பாளம் வந்தது, அடிப்பக்கம் லேசாக நசுங்கி.