புது வண்டியில் இன்ஜின் போனால்: பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை

வண்டி வாங்கி வருஷம்கூட ஆகவில்லை, இன்ஜின் போய்விட்டது என்று யாராவது போன் செய்தால் நான் முதலில் கேட்பது, "இன்ஜினைப் பிரிச்சுட்டாங்களா?" என்பதுதான். பிரிக்கவில்லை என்றால் இன்னும் நிறையச் செய்யலாம். பிரித்து, ஆயிலை வடித்து, பாகங்களைக் கழுவி டிரேயில் அடுக்கிவிட்டார்கள் என்றால் ஆதாரம் சாக்கடையோடு போய்விட்டது. அதற்கப்புறம் ஷோரூம்காரர்கள் எழுதுவதுதான் காரணம்.

கோவையில் ஒரு ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்துவிட்டு, இப்போது சிங்காநல்லூர் பக்கம் சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். வாரண்டி கிளெய்ம் எப்படி எழுதப்படுகிறது, எந்த வார்த்தையில் தள்ளுபடி ஆகிறது என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். போன வருஷம் என் மச்சானுடைய காரில் இது நடந்தது. வாங்கிப் பதினொரு மாதம், ஓடியது பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த வண்டியை வைத்தே சொல்கிறேன்.

சேலம் – கொச்சி சாலையில் பெருந்துறை தாண்டி வரும்போது சிவப்பு ஆயில் லைட் மினுக்கியிருக்கிறது. கூடவே அடியில் இருந்து 'டக் டக்' என்று தட்டும் சத்தம். ஓரம் கட்டி நிறுத்தி எனக்கு போன் செய்தார். நான் சொன்ன முதல் வார்த்தை: "மச்சான், மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க." கிராங்க் ஷாஃப்ட்டும் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கனெக்டிங் ராடும் (பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங்குகளுக்குள் சுற்றுவது மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான். அழுத்தம் இறங்கியதும் அந்தப் படலம் அறுந்து உலோகத்தில் உலோகம் உரசுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் சேதத்தைப் பெருக்கும். சத்தத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்று திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. "லைட் எரிந்த பிறகும் ஓட்டியிருக்கிறார்" என்று எழுத அது ஒன்றே அவர்களுக்குப் போதும்.

சாலையோரத்தில் செய்ய வேண்டியது இது. சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்து, கிலோமீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் தெரிய மீட்டரைப் படம் எடுங்கள். புஷ் பட்டன் வண்டியானால் பிரேக்கையும் கிளட்ச்சையும் மிதிக்காமல் அழுத்துங்கள், இன்ஜின் கிளம்பாது. பத்து நிமிடம் ஆறவிட்டு, ஆயில் கேஜை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, அளவுக் கோடு தெரியும்படி கிட்ட வைத்து ஒரு படம். கூலன்ட் டப்பாவின் அளவு ஒரு படம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம், வெளியே தெரிகிற டப்பா போதும். வண்டிக்கு அடியில் தரையில் ஆயில் ஒழுகியிருக்கிறதா இல்லையா என்பதற்கு இன்னொன்று. ஆயில் சரியான அளவில் இருந்தது, கூலன்ட் குறையவில்லை, கீழே ஒழுகல் இல்லை என்று நேரத்தோடு பதிவான மூன்று படங்கள், "பராமரிப்பு சரியில்லை" என்கிற வாதத்தின் பெரும்பகுதியை அங்கேயே முடித்துவிடும்.

அப்புறம் கம்பெனியின் ரோட்சைடு உதவி எண்ணுக்கே போன் செய்யுங்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு மூடியைத் திறக்கவிடாதீர்கள். நான் மெக்கானிக்தான், ஆனாலும் மச்சான் வண்டியை அங்கே நான் தொடவில்லை. கட்டி இழுக்காமல், தட்டு வைத்த ரிக்கவரி வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள். புகார் எண்ணோடு வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்க வேண்டாம். வண்டியில் இணைய வசதியுள்ள ஆப் இருந்தால் அதில் தெரிகிற எச்சரிக்கைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இனி ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது புகாரையும் வேலையையும் எழுதும் தாள். முழு விஷயத்திலும் நான் அதிகம் கவலைப்படுகிற காகிதம் இதுதான். வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் அட்வைசர் தன் பழக்கத்தில் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று ஒரு வரி போட்டுவிடுவார். அது உண்மையை மறைக்கும் வரி. மச்சான் வண்டிக்கு நாங்கள் எழுதச் சொன்னது: "நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது. கூடவே இன்ஜின் அடிப்பகுதியில் தட்டும் சத்தம். உடனே நிறுத்தப்பட்டது. அதன்பின் ஸ்டார்ட் செய்யப்படவில்லை. ஆயில், கூலன்ட் அளவு சரி, படம் உள்ளது." கணினியில் அடிக்கும்போதே பக்கத்தில் நின்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்பார்கள். மாற்றிய பிறகே கையெழுத்து.

அதே கவுன்ட்டரில், இன்ஜினைப் பிரிக்கும் கூலிக்குச் சம்மதம் என்று ஒரு தாள் நீட்டுவார்கள். வாரண்டி கிடைக்காவிட்டால் பிரித்த செலவு உங்களுடையது என்பது அதன் பொருள். கையெழுத்துப் போட மறுத்தால் வண்டி அப்படியே நிற்கும். அதனால் போடுங்கள், ஆனால் மேலே கைப்பட எழுதிப் போடுங்கள்: "வாரண்டி குறித்த முடிவு காரணத்துடன் எழுத்தில் வரும்வரை எந்தக் கட்டணத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் முன்னிலையில் மட்டுமே பிரிக்க வேண்டும். கழற்றிய பாகங்களையும் ஆயில் ஃபில்டரையும் முடிவு வரும்வரை பத்திரப்படுத்த வேண்டும்." இதையே அன்று இரவு ஷோரூமுக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் சேர்த்து இமெயில் அனுப்புங்கள். வாரண்டியில் மாற்றுகிற பழைய பாகம் பொதுவாகக் கம்பெனிக்குப் போய்விடும் என்பதால் இந்த வரி ரொம்ப முக்கியம்.

பிரிக்கிற நாள். பேட்டரி ஒயரைக் கழற்றும் முன் ஸ்கேனரை மாட்டி, பதிவான பிழைக் குறியீடுகளை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். பழுது வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், வெப்பநிலை என்ன என்பதைப் பல குறியீடுகள் கூடவே பிடித்து வைத்திருக்கும். அடுத்தது ஆயில் வடிப்பது. சுத்தமான, காய்ந்த இரண்டு பாட்டில்களில் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, மூடி மேல் டேப் ஒட்டி, தேதி போட்டு இரண்டு தரப்பும் கையெழுத்து. ஆயிலைப் பரிசோதிக்கும் லேபில் கொடுத்தால் அதிலுள்ள இரும்பு, செம்பு, ஈயம், அலுமினியம் எவ்வளவு, தண்ணீரோ கூலன்ட்டோ பெட்ரோலோ கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். சிலிக்கான் அதிகமாக இருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி உள்ளே போயிருக்கக்கூடும். அது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம், அதையும் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

மச்சான் வண்டியில் வடித்த ஆயிலை டார்ச் அடித்துப் பார்த்தபோது ஜிகினாத் தூள் கலந்த மாதிரி மினுங்கியது. ஃபில்டரின் தகரக் கூட்டை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளைப் பிரித்து வெள்ளைத் துணியில் விரித்தோம். மடிப்புகளுக்குள் செம்பு நிறச் செதில்கள். காந்தத்தை வைத்தால் பாதி ஒட்டியது, பாதி ஒட்டவில்லை. ஒட்டாதது பேரிங் உலோகம், ஒட்டியது கிராங்கோ ராடோ தேய்ந்த இரும்பு. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினால் மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங் தன் இடத்திலிருந்து சுழன்று, ஆயில் வரும் துளையை அடைத்துக்கொண்டு நின்றது. மற்ற மூன்று சிலிண்டர்களின் பேரிங்குகள் பளபளவென்று இருந்தன. ஆயில் மாற்றாத வண்டியில் எல்லாப் பேரிங்கும் கறுத்து, சம்பின் அடியில் தார் மாதிரி கசடு படிந்திருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. சர்வீஸ் மேனேஜர் பார்த்துவிட்டு, "புது இன்ஜின் தானா போகாது சார்" என்றார்.

அது போகும். 2015-இல் ஹூண்டாய் அமெரிக்காவில் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது: கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையும்போது வந்த உலோகத் துகள் முழுதாக நீக்கப்படாமல் ராட் பேரிங்குக்கு ஆயில் போவதைத் தடுத்தது. 2024-இல் டொயோட்டா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டன்ட்ரா, லெக்ஸஸ் வண்டிகளை அழைத்தது, அங்கேயும் தொழிற்சாலையில் விட்டுப்போன துகள்தான் காரணம். 2025-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 இன்ஜினுக்காக உலகம் முழுக்க 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அழைத்தது, கிராங்கிலும் ராடிலும் குறை. இதைச் சண்டைக்காகச் சொல்ல வேண்டியதில்லை. "இப்படியும் நடக்கும் சார், அதனால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேட்டால் போதும்.

நிராகரிக்க வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. தண்ணீர் புகுந்தது என்றால் ராட் வளைந்திருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் பெட்டியில் ஈரமோ சேறோ தடம் இருக்க வேண்டும். படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். (உண்மையிலேயே வெள்ளத்தில் சிக்கியதென்றால் அது வாரண்டி விஷயம் அல்ல, இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும்.) கலப்பட எரிபொருள் என்றால் டேங்க்கில் இருந்து மாதிரி எடுத்து லேப் அறிக்கை காட்டச் சொல்லுங்கள். வெளியில் மாட்டிய ஹாரன், விளக்கு, கேமரா ஒயரிங்கைக் காரணம் காட்டினால், அதற்கும் பேரிங் தேய்ந்ததற்கும் என்ன தொடர்பு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சர்வீஸ் தள்ளிப்போனது என்ற காரணத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கிலோமீட்டர் அல்லது மாதம், எது முந்தியோ அது என்றுதான் கையேட்டில் இருக்கும். வண்டி குறைவாக ஓடினாலும் மாதக் கணக்குப்படி சர்வீஸ் விட்டிருக்க வேண்டும். பில்களை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொண்டார்கள் என்றால் அடுத்த கேள்வி, என்ன மாற்றுவார்கள்? பேரிங் மட்டும் போட்டு கிராங்கைத் தேய்த்துத் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள். ஹாஃப் இன்ஜின் என்று சொல்கிற, பிஸ்டன், கிராங்க் எல்லாம் பொருத்தி வரும் புது பிளாக்கைக் கேளுங்கள். அதோடு நிற்காதீர்கள். அந்த உலோகத் தூள் ஆயில் போகிற எல்லா வழியிலும் சுற்றி வந்திருக்கிறது. ஆயில் கூலரைக் கழுவிச் சுத்தம் செய்வது கடினம், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் பேரிங்கிலும் தூள் தங்கும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் உள்ள நுண்ணிய ஆயில் துளைகளிலும் உட்காரும். ஆயில் பம்ப், கூலர், டர்போ மூன்றும் புதிதாகவும், ஹெட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தும் தர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மச்சான் வண்டிக்கு முதலில் பிளாக் மட்டும் என்றார்கள். ஃபில்டர் படத்தை இணைத்துக் கம்பெனிக்கே இமெயில் போன பிறகு ஏரியா ஆள் வந்து பார்த்து, கூலரையும் டர்போவையும் சேர்த்து அனுமதித்தார்.

வண்டியையே மாற்றித் தரச் சொல்லலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாரண்டியில் கம்பெனி ஒப்புக்கொண்டது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது மட்டுமே என்று மாருதி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் முழு இன்ஜின் வேலை, அதற்கு எழுத்தில் கூடுதல் வாரண்டி, வண்டி நின்ற நாட்களுக்கு இழப்பீடு என்று கேட்பதே நடைமுறையில் பலன் தரும். ஒருமுறை மாற்றிய இன்ஜின் மறுபடியும் போனால் கதை வேறு. அப்போது பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பல கம்பெனிகள் அங்கிருந்து வரும் புகாருக்குப் பதில் சொல்கின்றன. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். விலை 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஷோரூம், கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் கை காட்டுவார். மனுவோடு சேர்த்தே, இன்ஜினை நிபுணரை வைத்துப் பரிசோதிக்க உத்தரவிடும்படி கேளுங்கள். 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு, குறையைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. நிபுணர் அறிக்கை இல்லாமல் 'தயாரிப்புக் குறை' என்று வாயால் சொல்வது நிற்காது.

கடன் ஓடிக்கொண்டிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்த வேண்டாம். வங்கிக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தம் இல்லை, கெடுவது உங்கள் சிபில் மதிப்பெண்தான்.

வண்டி கைக்கு வரும்போது மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் எண்ணும் பில்லில் தொகை பூஜ்யமாக இருந்தாலும் அச்சாகியிருக்க வேண்டும். பிளாக் மாறியதால் இன்ஜின் எண் மாறியிருந்தால், ஷோரூமிடம் கடிதம் வாங்கி ஆர்டிஓ-வில் ஆர்சி புத்தகத்தில் திருத்துங்கள், இன்சூரன்ஸிலும் திருத்துங்கள். இதை ஷோரூம் மறந்துவிடும். விற்கும்போதோ விபத்து கிளெய்மிலோ வந்து உட்காரும். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, கழற்றிய ஃபில்டரைக் கேட்டு வாங்கி வெட்டிப் பாருங்கள். புது இன்ஜினில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மாவு மாதிரி இருப்பது சகஜம். கண்ணுக்குத் தெரியும் செதில் இருந்தால் அன்றே பழைய ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு, படத்தோடு இமெயில் போய்விட வேண்டும்.