சின்ன ஸ்கோப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஏரிக்கரையில் ஒரு தம்பி புது ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு, அதாவது தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 50 மி.மீ. லென்ஸ், கையடக்கமானது, நல்ல பொருள். ஆனால் கண்ணை வைத்த வேகத்தில் நிமிர்ந்துவிடுவார். "அண்ணா, இதுல எதுவுமே தெளிவா தெரியலை. ஏமாந்துட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதையே சொல்லியிருக்கிறேன், வேறொரு ஸ்கோப்பின் முன்னால் நின்று. காரணமும் அதேதான்.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், சூரியன் பக்கம் திருப்பாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன். பணம் போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பைனாகுலர் வாங்கும் முன்னே ஸ்கோப் வாங்குவது

வேண்டாம். பறவை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு ஸ்கோப் உதவாது.

ஜூம் எண்ணில் மயங்குவது

ஒரு ஸ்கோப்பின் மேல் 12-36×50 என்று எழுதியிருந்தால், 12 முதல் 36 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 50 மி.மீ. என்று பொருள். புதிதாக வாங்குபவர்கள் நடுவில் இருக்கும் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள். கடைசி எண்ணை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 50ஐ 36ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4. ஐபீஸிலிருந்து, அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் பின் லென்ஸிலிருந்து, உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவுதான், 1.4 மி.மீ. நல்ல வெளிச்சத்தில்கூட கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரை திறந்திருக்கும். அதைவிட மெல்லிய கற்றை வந்தால் படம் இருட்டிக்கொண்டே போகும். அதே ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்தால் 2.5 மி.மீ. கிடைக்கிறது. அங்கே படம் பளிச்சென்று இருக்கும்.

60 மி.மீ. லென்ஸ் வைத்துக்கொண்டு 60 மடங்கு பெரிதாக்கும் என்று விற்கிற ஸ்கோப்களும் உண்டு. வகுத்தால் 1 மி.மீ. காலையிலும் மாலையிலும், அதாவது பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில், அந்த 60 மடங்கைத் தொடக்கூட முடியாது.

இன்னொன்று, பெரிதாக்க ஆக்கப் பார்வையின் அகலம் சுருங்கும். 8 மடங்கு பைனாகுலரில் 1000 மீட்டர் தொலைவில் சுமார் 130 மீட்டர் அகலம் தெரியும். 30 மடங்கு ஸ்கோப்பில் அது 30 மீட்டர் சொச்சமாகிவிடும். சேற்றில் ஓடும் உள்ளான் பறவையை அதற்குள் பிடித்து வைப்பது லேசான வேலை இல்லை. பொழுதுபோக்காகப் பறவை பார்ப்பவருக்கு 15 முதல் 30 மடங்குக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

ட்ரைபாடுக்குக் காசு மிச்சம் வைக்காதது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருகிற தவறு இதுதான்.

என் முதல் ஸ்கோப் 12-36×50. கையில் இருந்த பணத்தை முழுக்க அதிலேயே போட்டேன். ட்ரைபாட் வீட்டில் கிடந்தது. சின்ன கேமராவுக்காக எப்போதோ வாங்கியது, எடை ஒரு கிலோகூட இல்லை. ஸ்கோப்பே அரை கிலோ சொச்சம்தானே, தாங்கும் என்று கணக்குப் போட்டேன். தாங்கவும் செய்தது. விழவில்லை, சாயவில்லை. அதனாலேயே கோளாறு அதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

20 மடங்கைத் தாண்டினால் படம் மங்கிவிடும். பச்சைக்கால் உள்ளானா, சதுப்பு உள்ளானா என்று பிரித்தறிய அலகைப் பார்க்க வேண்டும். முதலாவதற்குத் தடித்த அலகு, நுனி லேசாக மேலே வளைந்திருக்கும். மற்றதற்கு ஊசி மாதிரி மெலிந்த நேரான அலகு. என் ஸ்கோப்பில் இரண்டும் ஒரே சாம்பல் கோடுதான். எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன். மலிவான லென்ஸ், இவ்வளவுதான் வரும் என்று முடிவுகட்டி, வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாமல் விற்றேன். அப்புறம் பணம் சேர்த்து 80 மி.மீ. ஸ்கோப் ஒன்று வாங்கி, அதே ட்ரைபாடில் மாட்டினேன். முன்பைவிட மோசமாக இருந்தது. எடை மூன்று மடங்கு, நீளமும் அதிகம், காற்று பட்டாலே நடுங்கியது.

ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, என்னுடையதை அவருடைய ட்ரைபாடில் மாட்டச் சொன்னார். மாட்டிவிட்டுப் பார்த்தேன். தூரத்துச் சேற்றில் ஒரு பட்டாணி உப்புக்கொத்தி. அதன் கண்ணைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வளையம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது, விற்றுத் தொலைத்த சின்ன ஸ்கோப்தான். அதில் ஒரு குறையும் இருந்திருக்காது.

இது ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்று சொல்கிறேன். ஸ்கோப் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, தன் அசைவையும் அதே அளவுக்குப் பெரிதாக்குகிறது. ஒரு பாகையை 60 கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் நம் கண்ணால் பிரித்தறிய முடிகிற சிறிய அளவு. ட்ரைபாட் அவ்வளவே அசைந்தால் வெறும் கண்ணுக்கு அது அசைவதே தெரியாது. 30 மடங்கு ஸ்கோப்பில் அதே அசைவு அரைப் பாகை, அதாவது முழு நிலாவின் அகலம்! ஆட்டம் மெதுவாக இருந்தால் ட்ரைபாட் ஆடுகிறது என்று நமக்கே புரிந்துவிடும். வேகமான நடுக்கம் ஆட்டமாகத் தெரியாது, மங்கலாகத் தெரியும். பழி லென்ஸின் மேல் விழும்.

ஆகவே ஒரு ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன், அதை ஒரு சுவரின் மேல் மணல் நிரப்பிய பையில் அழுத்தி வைத்துப் பாருங்கள். அங்கே படம் தெளிந்தால் ஸ்கோப்பில் தவறில்லை. ட்ரைபாடைச் சோதிக்க, 30 மடங்கில் தொலைவில் உள்ள ஏதாவது எழுத்தைப் பார்த்துக்கொண்டே அதன் காலை விரலால் தட்டுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் படம் அசையாமல் நின்றுவிட வேண்டும். ஐந்து எண்ணியும் ஆடினால் அந்த ட்ரைபாட் வேண்டாம்.

இருக்கிற ட்ரைபாடையே கொஞ்சம் நிலையாக்கவும் வழி இருக்கிறது. கால்களை நீட்டும்போது மேலே உள்ள தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள், அடியில் உள்ள மெல்லிய குழாய்களை உள்ளேயே விட்டுவிடுங்கள். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். அதை உயர்த்தினால் மூன்று காலின் உறுதி போய், ஒற்றைக் கம்பத்தின் மேல் ஸ்கோப் நிற்கும். காற்றடித்தால் உங்கள் பையை நடுவில் தொங்கவிடுங்கள், அது தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். ஃபோகஸ் செய்த பிறகு கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ட்ரைபாடின் தலையும், அதாவது ஸ்கோப்பை மாட்டும் மேல்பகுதியும், முக்கியம். பந்து வடிவத் தலை கேமராவுக்கு நல்லது, ஸ்கோப்புக்கு ஆகாது. தளர்த்தினால் மொத்தமாகக் கவிழும், இறுக்கினால் நகராது. வீடியோவுக்கான ஃப்ளூயிட் தலைதான் நகரும் பறவையின் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போகும்.

சரி, எவ்வளவு ஒதுக்குவது? மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ட்ரைபாடுக்கும் தலைக்கும் என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் வருகிற ஸ்கோப் போதும். சின்ன ஸ்கோப்பின் உண்மையான லாபமும் இங்கேதான் இருக்கிறது. ஒன்றரை கிலோ எடையுள்ள உறுதியான ட்ரைபாடே அதற்குப் போதும். 80 மி.மீ. ஸ்கோப்புக்கு அதைப்போல் இரண்டு மடங்கு எடையைத் தூக்க வேண்டியிருக்கும். சில ஸ்கோப்களோடு பெட்டியிலேயே சாண் உயர ட்ரைபாட் ஒன்று வரும். மேசைமேல் வைக்க மட்டும் அது ஆகும்.

அந்தத் தம்பியின் ஸ்கோப்பையும் கழற்றி என் ட்ரைபாடில் மாட்டினேன். கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. நான் அன்றைக்குப் பைனாகுலரிலேயே பார்த்துக்கொண்டேன்.

நேர் ஸ்கோப்பா, சாய்வு ஸ்கோப்பா என்று யோசிக்காமல் வாங்குவது

நேர் வகையில் ஐபீஸ் குழலுக்கு நேராக இருக்கும், சாய்வு வகையில் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். காருக்குள் இருந்தே பார்ப்பவர் என்றால் நேர் வகை. மற்ற எல்லோருக்கும் சாய்வு வகை. குனிந்து பார்ப்பதால் ட்ரைபாடைத் தாழ்வாக வைக்கலாம், தாழ்வாக இருந்தால் ஆட்டம் குறையும். உயரம் வேறுபட்ட இருவர் மாறி மாறிப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் உயரத்தை மாற்ற வேண்டியதும் இல்லை.

மூக்குக்கண்ணாடியை மறப்பது

கண்ணாடி அணிபவர்கள் ஐ ரிலீஃப் எவ்வளவு என்று பாருங்கள், அதாவது ஐபீஸிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்து முழுப் படத்தையும் பார்க்கலாம் என்பதை. குறைந்தது 15 மி.மீ. வேண்டும். அதற்குக் கீழே போனால் ஓரங்கள் வெட்டுப்படும்.

நைட்ரஜன் நிரப்பாத ஸ்கோப்

தொடாதீர்கள். ஈரமில்லாத நைட்ரஜனுக்குப் பதில் ஈரக் காற்று உள்ளே இருந்தால் லென்ஸில் ஆவி படியும். உள்ளே ஒருமுறை ஆவி படிந்தால் உங்களால் துடைக்க முடியாது.

நடுப்பகலில் சோதித்துப் பார்ப்பது

வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் சூடான காற்று படத்தை நெளிய வைக்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கோப்பாலும் அதைத் தடுக்க முடியாது. மடங்கைக் கூட்டினால் நெளிவும் கூடும். காலையிலோ மாலையிலோ பாருங்கள். வெளிறிய வானத்தின் முன்னால் தெரியும் மெல்லிய கிளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ பட்டையாகத் தெரிந்தால், வெள்ளைக் கொக்கின் ஓரத்திலும் தெரியும். நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் ஈடி (ED) வகைக் கண்ணாடி உள்ள ஸ்கோப்களில் இந்த நிறக்கசிவு குறைவு. கட்டுப்படியானால் லென்ஸின் அளவைக் குறைத்தாவது ஈடி வகையை வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பார்த்தது ஒன்று, வாங்கியது ஒன்று

விலை குறைந்த ஸ்கோப்களில், ஒரே மாடலிலேயே ஒன்று கச்சிதமாகவும் இன்னொன்று மந்தமாகவும் அமைந்துவிடும். முடிந்தால் இரண்டு பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். அதிக மடங்கில் வைத்து ஃபோகஸை மெதுவாகத் திருப்புங்கள். ஏதோ ஓரிடத்தில் படம் சட்டென்று கூர்மையாகி, அதைத் தாண்டியதும் மங்க வேண்டும். முன்னும் பின்னும் திருப்பியும் அந்த இடம் அகப்படவில்லை என்றால் அந்தப் பெட்டியை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஆனால் இதையும் உறுதியான ட்ரைபாடின் மேல் வைத்துத்தான் செய்ய வேண்டும். கடையில் அது இருக்காது. உங்களுடையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.